பிறந்த அன்றே போட வேண்டிய ஊசி

(ஹெபடைட்டிஸ் பி குறித்துத் திண்டுக்கல்லில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லீரலைப் பற்றிப் பேச்சு என்று அறிவித்தால், மஞ்சள் காமாலையைப் பற்றிக் கேட்கலாம் என்றுதான் பலரும் வருவார்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுத்துப் போவது, சோறு கண்டால் குமட்டுவது ஆகியவை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளங்கள். நான் இன்று பேச வந்திருக்கும் நோய் பெரும்பாலும் இந்த அடையாளம் எதையும் காட்டுவதில்லை. பத்து வருடம், இருபது வருடம், சிலருக்கு முப்பது வருடம்கூட ஈரலுக்குள் இருந்துகொண்டு வெளியே எந்தத் தடயமும் தராது.

அப்படியானால் அது இருப்பது எப்படித்தான் தெரிய வருகிறது? வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் சவுதி வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போவான். எக்ஸ்ரே சரி, கண் சரி, ரத்தத்தில் மட்டும் 'அன்ஃபிட்' என்று வரும். கல்லூரியில் ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்த மாணவனை ரத்த வங்கி திரும்பக் கூப்பிடும். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்த பெரியவருக்கு, முதல் நாள் எடுத்த கார்டு டெஸ்டில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு விழும். முதல் பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தத்தில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று எழுதி வரும். நால்வரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "எனக்கு ஒண்ணுமே பண்ணலையே டாக்டர், கண்ணுகூட வெள்ளையாத்தானே இருக்கு?"

கண் வெள்ளையாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 25 கோடியே 40 லட்சம் பேர் ஹெபடைட்டிஸ் பி வைரசை நீண்டகாலமாக உடலில் வைத்திருந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர். நம் மக்கள்தொகைக்குப் பார்த்தால் நூறு பேருக்கு இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. அதே ஆண்டு உலகில் 11 லட்சம் பேர் இந்த வைரசால் வந்த ஈரல் சுருக்கத்தாலும் ஈரல் புற்றுநோயாலும் இறந்தார்கள்.

இந்த வைரஸ் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இது விளங்கினால் மற்றவை தாமாகவே விளங்கும். ரத்தத்தின் வழியாக உள்ளே வரும் வைரஸ் நேராக ஈரல் செல்லுக்குப் போய், அதன் கருவுக்குள் தன் மரபுப் பொருளை வைத்துவிடுகிறது. அங்கிருந்து தன்னைப் போலவே படி எடுத்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். செல்லை அது கொல்வதில்லை. நம்முடைய எதிர்ப்பு சக்திதான் 'இது அந்நியன்' என்று கண்டுபிடித்து, வைரஸ் குடியிருக்கும் செல்களை அழிக்கிறது. வளர்ந்த ஒருவருக்குத் தொற்று வந்தால் எதிர்ப்பு சக்தி முழு வேகத்தில் பாயும். அப்போது காமாலை வரலாம், சில வாரம் படுக்கையில் போடலாம். ஆனால் 100 பேரில் 95 பேருக்கு மேல் வைரசைத் துரத்திவிட்டு எழுந்துவிடுவார்கள்.

பச்சைக் குழந்தையின் கதை நேர்மாறு. பிறந்த நாளில் உள்ளே வரும் வைரசை அந்தக் குழந்தையின் உடம்பு அந்நியனாகவே பார்ப்பதில்லை. சண்டை இல்லை, காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை. தாய்ப்பால் குடிக்கும், சிரிக்கும், எடை ஏறும். அப்படித் தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வைரஸ் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தங்கும். பெரியவர்களுக்கு வந்தால் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சவுதி மெடிக்கலில் தள்ளிவிடப்பட்ட அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது என்றால், அவனுக்குத் தொற்றும் பெரும்பாலும் அதே இருபத்தைந்து வயதுதான். 'எந்தத் தப்பான பழக்கத்தில் வந்தது' என்று அவனைக் குடைகிற சொந்தக்காரர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலும் அவன் பிறந்த அன்றோ, தவழ்கிற வயதிலோ வந்தது அது.

ஆகவே இந்த நோயை ஒழிப்பது என்றால், முதல் வேலை பிரசவ வார்டில்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி. இதைத்தான் இந்த மாலை உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன். மீதி எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இந்த ஊசி வந்த கதை சுருக்கமானதல்ல என்றாலும் சுருக்கமாகவே சொல்கிறேன். பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் 1960களில் வெவ்வேறு இன மக்களின் ரத்தத்தை ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் ஈரல் நோயைத் தேடிப் போனவர் அல்லர். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிந்ததைக் கண்டார்கள். 1965இல் அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜன் என்று பெயர் வைத்தார்கள். அதுதான் ஹெபடைட்டிஸ் பி வைரசின் மேலுறை என்று பிறகு தெரிந்தது. இன்று உங்கள் ஊர் ஆய்வகத்தில் எச்பிஎஸ்ஏஜி என்று தேடுவது அதே பொருளைத்தான். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28தான் உலக ஹெபடைட்டிஸ் நாள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசியை, வைரஸ் இருப்பவர்களின் ரத்தத்திலிருந்தே பிரித்துச் செய்தார்கள். 1986இலிருந்து ஈஸ்டுக்குள் மரபணுவைச் செலுத்தி, ரத்தமே தொடாமல் செய்யத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் அது பல ஆண்டுகள் பணக்காரர் ஊசியாகத்தான் இருந்தது. வெளிநாட்டு ஊசியின் மூன்று தவணைக்கு ஆகும் செலவை ஒரு கூலித் தொழிலாளி நினைத்தும் பார்க்க முடியாது. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே இந்த ஊசியைத் தயாரித்து, இறக்குமதி விலையின் சிறு பங்குக்கு விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அரசுத் திட்டத்தில் இதைச் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம் ஆனது. 2007-08இல் அரசின் இந்த ஊசித் திட்டம் பத்து மாநிலங்களுக்கு விரிந்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. 2011 டிசம்பரில், இதையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. பிறந்த அன்று ஒன்று, பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டா. இதுதான் நம் குழந்தைகளின் அட்டவணை.

தைவான் 1984இலேயே பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கிவிட்டது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அங்கே 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தடுப்பூசி போட்டுப் புற்றுநோயைக் குறைக்க முடியும் என்பதை உலகம் முதலில் கண்டது அப்போதுதான்.

இப்போது பிரசவ வார்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இந்த நிலை தானாக வந்துவிடவில்லை. நம் மாவட்டத்திலேயே, 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியதும், அங்கே கஸ்தூரிபா மருத்துவமனை வளர்ந்ததும், கிராமங்களுக்குச் செவிலியர் போகத் தொடங்கியதும் இந்த மாற்றத்தின் வேர்களில் சேரும். வீட்டுத் திண்ணையில் நடந்த பிரசவத்துக்கு 24 மணி நேர ஊசி சாத்தியமே இல்லை. இன்று குழந்தை பிறக்கிற அறைக்கும் ஊசி இருக்கிற குளிர்பெட்டிக்கும் நடுவே நாற்பது அடி தூரம்கூட இல்லை.

அந்த நாற்பது அடியில்தான் சிக்கல் வருகிறது. இந்தத் தடுப்பூசி அரசு வழங்கலில் பத்துக் குழந்தைகளுக்கான ஒரே குப்பியாக வரும். இரவு ஒரே ஒரு பிரசவம் ஆனால், ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறப்பதா, மீதி வீணாகுமே, கணக்குக் கேட்பார்களே என்று பணியில் இருக்கும் சகோதரி தயங்குவார். தயங்க வேண்டியதில்லை. திறந்த தேதியையும் நேரத்தையும் குப்பி மேல் எழுதி, 2 முதல் 8 டிகிரிக்குள் சுத்தமாக வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது விதி. இன்னொன்று, இந்த மருந்து உறைந்துவிட்டால் கெட்டுவிடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது. ஒரு குழந்தைக்கு அரை மில்லி, இடது தொடையின் முன்பக்க ஓரத்தில், ஒருமுறை போட்டால் தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழலால். குழந்தை ஒரு மூச்சு அழும். அம்மா மார்போடு அணைத்தால் நின்றுவிடும்.

பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் செவிலியர் பயிற்சி மாணவியருக்கு ஒரு வார்த்தை. வார்டில் அப்பத்தா வந்து நிற்பார். "பொறந்து மூணு மணி நேரம்தாம்மா ஆகுது, பச்சப்புள்ளைக்கு ஊசியா? நாளைக்கு நல்ல நேரம் பாத்துப் போட்டுக்கலாம்" என்பார். அவரிடம் கோபப்படாதீர்கள். அந்தக் குழந்தை மேல் உங்களைவிட அவருக்குத்தான் பிரியம் அதிகம். "அப்பத்தா, இந்த ஊசிக்கு நேரம்தான் மருந்து. நாள் தள்ளத் தள்ள வேல செய்யாது. இதைப் போட்டா அறுபது வயசுல ஈரல் கெட்டுச் சாகமாட்டான் உங்க பேரன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை இதற்குப் பிறகும் மறுத்த பாட்டிகள் மிகக் குறைவு. தனியார் மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொள்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். "டிஸ்சார்ஜ் அன்னைக்குப் போட்டுக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிசேரியன் டிஸ்சார்ஜ் ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ.

தாய்க்கே தொற்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ரத்தத்தில் வைரஸ் வேகமாகப் பெருகும் தாயிடமிருந்து, எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால், பத்துக் குழந்தைகளில் ஏழு முதல் ஒன்பது வரை தொற்றிக்கொள்ளும். அதனால்தான் கர்ப்ப காலத்தில் இந்தப் பரிசோதனை. பாசிட்டிவ் என்றால் வைரஸ் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தில் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், ஏழாவது மாதத்திலிருந்து தாய்க்கு டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்து அளவைக் குறைக்கலாம். குழந்தை பிறந்ததும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் மறு தொடையில். இது விலை அதிகமான மருந்து. ஆனால் இந்த நோய்க்கான தேசியத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. எட்டாம் மாதத்திலேயே மருத்துவமனையில் சொல்லிவைத்தால் பிரசவ நேரத்தில் கையில் இருக்கும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இது பலருக்குச் சந்தேகமாகவே இருப்பதால் திரும்பவும் சொல்கிறேன்: தாய்ப்பால் கொடுங்கள்.

இனி கீழாநெல்லி. இதைப் பேசாமல் தமிழ்நாட்டில் யாரும் ஈரலைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. பாசிட்டிவ் என்று கேட்டதும் பத்தில் எட்டுப் பேர் போகும் இடம் வரப்போரம்தான். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கும் அந்தச் சிறு செடியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலந்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து குடிப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. ஏனென்றால் இந்தச் செடிக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு, அது நம் சென்னையில் நடந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் எஸ். பி. தியாகராஜன். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் ஆனார். அவரும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்திலேயே கீழாநெல்லிச் சாறு சோதனைக்குழாயில் ஆஸ்திரேலியா ஆன்டிஜனை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். பிலடெல்பியாவில் பிளம்பெர்க்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வெங்கடேஸ்வரனும் இந்தச் செடியை எடுத்து ஆராய்ந்தார். வைரசையே கண்டுபிடித்த பிளம்பெர்க் இந்த வேலையில் இவர்களோடு கைகோத்தார். 1988இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. வைரஸ் தங்கிவிட்ட 78 பேரைச் சென்னையில் தேர்ந்தெடுத்து, 40 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் மாத்திரை தினம் மூன்று வேளை, 38 பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெறும் மாத்திரை, முப்பது நாள் கொடுத்தார்கள். பிறகு ரத்தம் எடுத்தபோது, கீழாநெல்லி சாப்பிட்டு மறுபரிசோதனைக்கு வந்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜன் காணாமல் போயிருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டு வந்த 23 பேரில் ஒரே ஒருவருக்கு.

யோசித்துப் பாருங்கள். நம் வரப்போரச் செடி, உலகின் முதல் வரிசை மருத்துவ இதழில், நோபல் பரிசாளரின் பெயரோடு. அன்று மருத்துவர்களிடையே எழுந்த பரபரப்பு சாதாரணமானதல்ல. எனக்கும் அந்த எண்கள் தந்த பெருமிதம் இன்றும் நினைவிருக்கிறது.

அதற்கடுத்து நடந்ததுதான் முக்கியம். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பம்பாயில் பார்த்தார்கள், நியூசிலாந்தில் பார்த்தார்கள். சென்னையில் வந்த முடிவு எங்கும் திரும்ப வரவில்லை. பறித்த இடம் வேறு, பருவம் வேறு, ஒன்றுபோல் தோன்றும் வேறு நெல்லிச் செடிகள் கலந்திருக்கலாம் என்று பல விளக்கங்கள் சொன்னார்கள். சென்னை ஆய்விலேயே வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 15 பேர் மறுபரிசோதனைக்கு வராததும் ஒரு குறை. 2011இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, வெறும் மாத்திரையைவிட இது மேல் என்று நம்பச் சான்று இல்லை என்று எழுதியது.

தியாகராஜனும் அவர் குழுவினரும் செய்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 'எங்கள் பாட்டி சொன்னார்' என்று நின்றுவிடாமல், வெறும் மாத்திரையை எதிரே வைத்துச் சோதித்தார்கள். சோதிப்பது என்று ஒத்துக்கொண்ட பிறகு, முடிவு நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏற்கத்தான் வேண்டும். முதல் எண்களை மட்டும் சுவரொட்டியில் போட்டு இன்றும் பொடி விற்கிறவர்கள், அந்த ஆய்வாளர்களின் உழைப்புக்கே துரோகம் செய்கிறார்கள்.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் காமாலை தெளிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது அசுத்தத் தண்ணீரில் பரவும் ஏ வகை அல்லது ஈ வகை. அது சில வாரங்களில் தானாகவே போய்விடும். பி வகையே பெரியவர்களுக்குப் புதிதாக வந்தாலும் 100க்கு 95 தானாகவே தெளியும் என்று சொன்னேன். உடம்பு செய்த வேலையைச் செடி பெயருக்கு எழுதிக்கொள்கிறோம். இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் வைரஸ் தங்கிவிட்டவர், பொடி சாப்பிடுகிறோமே என்று டாக்டரிடம் போகாமல் பத்து வருடம் கழிப்பது கேடு. கையில் சூடு போடுவதும் மூக்கில் மருந்து ஊற்றுவதும் கேடு. மூட்டு வலிக்கென்று வாங்கும், என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத பொடிகள் பெரிய கேடு. அதில் ஸ்டீராய்டு இருந்தால், அடங்கிக் கிடக்கும் வைரஸ் சீறி எழுந்து ஈரலையே செயலிழக்கச் செய்யலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் முன் இந்த ரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பெரியவர்களுக்கு இது எப்படிப் பரவுகிறது? ரத்தத்தாலும் உடலுறவாலும். எச்ஐவியோடு ஒப்பிட்டால் இது பலமடங்கு சுலபமாகத் தொற்றும். வைரஸ் மிகுந்தவரின் ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால், தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகும். எச்ஐவிக்கு அது 0.3 விழுக்காடு. காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். 2009 தொடக்கத்தில் குஜராத்தில் அப்போது சாபர்காண்டா மாவட்டத்தில் இருந்த மோடாசாவில் இந்த நோய் வெடித்துப் பல பத்துப் பேர் இறந்தார்கள். பயன்படுத்திய ஊசிக்குழலையே திரும்பத் திரும்பப் போட்டதும், கழிவில் போன ஊசிகள் மறுபடி பொட்டலம் கட்டி விற்கப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. நம் ஊரிலும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள், நாளைக்கே எழுந்து போக வேண்டுமே என்று, "மாத்திரை வேணாங்க, ஒரு ஊசியைப் போட்டுவிடுங்க" என்று கேட்பதை அன்றாடம் கேட்கிறோம். அவர்களுடைய அவசரம் நியாயமானது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. ஆனால் மாத்திரையில் தீருகிற காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம். வேண்டித்தான் ஆனால், உறையைக் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது முடி இறக்குவது. பழநி நம் மாவட்டம். முருகனுக்கு முடி காணிக்கை செலுத்தாத குடும்பம் இந்தக் கூடத்தில் இருக்காது. மொட்டையடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுவது சகஜம், குழந்தைத் தலையில் இன்னும் அதிகம். ஒரு தலைக்கு ஒரு பிளேடு, பாதி பிளேடானாலும் புதிதாக உடைத்த பாதி. பிடியையும் மருந்தில் நனைத்த துணியால் துடைத்த பிறகுதான் அடுத்த தலை. நம்மில் பலர் நம் குழந்தையை மட்டுமே நினைக்கிறோம். நாள் முழுக்க எத்தனையோ தலைகளின் ரத்தம் படும் அந்த முடிதிருத்தும் தொழிலாளியின் விரல்களை யார் நினைக்கிறார்கள்? அவருக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போட்டாக வேண்டும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் பச்சை குத்திக்கொள்வதையும் விட்டுவிடுங்கள்.

எதனால் பரவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், இருமலால், கொசுவால் பரவாது. ஒரே வீட்டில் இருந்தால் ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். பாசிட்டிவ் என்று தெரிந்ததும் மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து, குழந்தையைத் தூக்கவிடாமல், கடைசியில் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்த வீடுகளை நான் அறிவேன். அந்தப் பெண் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவள் பிறந்த ஆண்டில் இந்த நாட்டில் அவளுக்கு ஊசி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் மற்றவர்கள் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் எல்லாரும் ஒரே வீட்டில் ஒரே பந்தியில் இருக்கலாம். கணவனுக்கோ மனைவிக்கோ எதிர்ப்பு சக்தி வரும்வரை ஆணுறை போதும்.

பாசிட்டிவ் என்று தெரிந்தவர் என்ன செய்ய வேண்டும்? முதலில், ஆறு மாதம் கழித்தும் ஆன்டிஜன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தங்கிவிட்டது என்று பொருள். பிறகு வைரஸ் எண்ணிக்கை, ஈரல் என்சைம், ஸ்கேன் இவற்றை வைத்து மாத்திரை வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. வேண்டியவர்களுக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், நாளுக்கு ஒன்று. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். திண்டுக்கல்லில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இதுபற்றிக் கேளுங்கள்.

மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். கோரை மண்டிய வயலில் களை எடுத்தவர்களுக்குத் தெரியும், மேலே இருப்பது கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். மாத்திரை ரத்தத்தில் வைரசை இல்லாமல் ஆக்கிவிடும். ஈரல் செல்லின் கருவுக்குள் இருப்பதை இன்றைய மருந்து எதுவும் முழுதாக எடுப்பதில்லை. அதனால்தான் ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை என்று வந்ததும் தாங்களாகவே நிறுத்திக்கொள்கிறவர்களுக்குச் சில மாதத்தில் நோய் கடும் காமாலையோடு திரும்புகிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டால், சுருக்கம் விழத் தொடங்கிய ஈரல்கூடத் தேறுவதை ஸ்கேனில் பார்க்கலாம். புற்றுநோய் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். முழுதாக நீங்காது என்பதால், நாற்பது கடந்தவர்களும் ஈரல் சுருக்கம் உள்ளவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். சாராயம் அறவே கூடாது.

இன்னொன்று நம் விவசாயிகளுக்கு. நிலக்கடலையும் மக்காச்சோளமும் ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். அது தனியாகவே ஈரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். இந்த வைரசும் சேர்ந்தால் ஆபத்து பலமடங்கு. பூஞ்சை விழுந்த கடலையை விலைக்குப் போகாது என்று வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காயவைத்த பிறகு மூட்டை கட்டுங்கள்.

கடைசியாக, பெரியவர்களின் தடுப்பூசி. 2007க்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தையில் இந்த ஊசி போட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை எச்பிஎஸ்ஏஜி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்று வந்தால் மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. தோளுக்குக் கீழே கைத்தசையில் போட வேண்டும், இடுப்பில் போட்டால் பலன் குறையும். எல்லாருக்கும் முன்னால் இதைப் போட வேண்டியவர்கள் மருத்துவமனைக் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள். டாக்டருக்கும் நர்சுக்கும் ஊசி குத்தினால் உடனே பதிவேட்டில் எழுதி, ரத்தம் எடுத்து, மருந்து கொடுப்பார்கள். கறுப்புப் பைக்குள் தவறி விழுந்த ஊசி குத்திய அம்மா, கையை உதறிக்கொண்டு அடுத்த பையை எடுக்கப் போய்விடுவார். அதிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் முதல் இரண்டு தவணை போட்டு, ஆறாம் மாதம் வருவதற்குள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுவிடுகிறார்கள். நகராட்சியிலும் மருத்துவமனைகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் சிலர் இருக்கிறீர்கள். அவர்களுக்கு ஒரு ஊசி அட்டை கொடுத்து, மூன்றாவது தவணையின் தேதியை அதில் இன்றே எழுதிக் கொடுங்கள். எந்த ஒப்பந்ததாரரிடம் போனாலும் அந்த அட்டை அவர்களோடு போகட்டும்.